செய்முறை நோட்டில் இல்லாத பெயர்

எம்.ரெட்டியபட்டியில் 'வீடு வாடகைக்கு' என்று யாரும் பலகை மாட்டி நான் பார்த்ததில்லை. பூட்டிய வீடுகளுக்கு மட்டும் குறைவே கிடையாது. எங்கள் தெருவில் ஏழு. திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள், சென்னையில் கடை வைத்தவர்கள், சிங்கப்பூரில் இருப்பவர்கள், மகன் வீட்டோடு மதுரைக்குப் போய்ச் சேர்ந்த கிழவிகள் என்று ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு கதை உண்டு. சாவி பக்கத்து வீட்டு ஆணியில் தொங்கும். கோயில் பொங்கலுக்கு ஒரு வாரம் கதவு திறக்கும். மற்ற நாட்களில் வாசலில் சீமைக் கருவேலங்கன்றுதான் குடியிருக்கும்.

பன்னிரண்டு ஆண்டு ஜெர்மனி வாழ்க்கையை முடித்துக்கொண்டு 2022-இல் மனைவி, மகளோடு ஊர் திரும்பினேன். அப்பா கட்டிய வீடு அதற்கு இரண்டு மழைக்கு முன்பே மேற்குச் சுவரை இழந்திருந்தது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஆள் புழங்காத வீட்டை அது அஸ்திவாரத்திலிருந்தே தின்னத் தொடங்கிவிடும். புதிதாகக் கட்டி முடிக்கும்வரை இருக்க ஒரு வீடு வேண்டும். மகளின் பள்ளிக்காக அருப்புக்கோட்டையில் தேடினேன்.

முதலில் பார்த்த வீட்டுக்காரர் நூல் வியாபாரம் செய்து ஓய்ந்த பெரியவர். மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"எம்.ரெட்டியபட்டிங்க."

"இப்ப எங்கிருந்து வர்றீக?"

"ஜெர்மனியிலயிருந்து."

"அம்புட்டுத் தூரம் போயிட்டு ஏன் விட்டுட்டு வந்தீக?"

அம்மா ஊரில் இருக்கிறார், மகள் தமிழ் படிக்க வேண்டும், நூற்பாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையை இங்கே சொந்தமாகச் செய்யப் போகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் தரகர் சொன்னார்: "நாலு பேருகிட்ட விசாரிச்சிருக்காக. உங்களத் தெரிஞ்சவுக யாருமில்ல. சம்பளச் சீட்டும் இல்லங்கிறீக. யோசிக்கிறாக."

யோசித்தவர் அதன் பிறகு சொல்லி அனுப்பவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தன் ஆயுள் சேமிப்பைச் சுவராக எழுப்பி வைத்திருப்பவர் அதை முன்பின் தெரியாதவன் கையில் கொடுக்கத் தயங்குவது இயற்கை. அடுத்த இரண்டு மாதங்களில் நான்கு இடங்களில் இதே பதில் வந்தது. ஆதார் கேட்டார்கள். நான் நாட்டை விட்டுப் போனது 2010 ஜூனில். இந்தியாவின் முதல் ஆதார் எண் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டது அந்த ஆண்டு செப்டம்பர் 29-இல். நான் போன பிறகு ஒரு தேசமே எண் பெற்றுக்கொண்டது, நான் பெறவில்லை. விண்ணப்பிக்கப் போனால் இப்போது குடியிருக்கும் முகவரிக்குச் சான்று கேட்டார்கள். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்துக்கு ஆதார் வேண்டும். கேஸ் இணைப்புக்கு இரண்டும் வேண்டும். செக்கு மாடு போல ஒரே தடத்தில் சுற்றினேன்.

இடிந்த வீட்டைக் கட்ட ஒரு வங்கியில் கடன் கேட்டேன். அங்கிருந்த இளைஞர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு சிபில் ஸ்கோரே காட்டலை" என்றார். கடன் வாங்கித் திருப்பாதவனுக்குக் குறைந்த மதிப்பெண் வரும். எனக்கு மதிப்பெண்ணே வரவில்லை. பன்னிரண்டு ஆண்டு ஒரு நாள் தவறாமல் வாடகை கட்டியவன், ஒரு மின்கட்டணமும் பாக்கி வைக்காதவன். அந்த நாணயம் முழுவதும் வேறொரு நாட்டின் பதிவேட்டில் கிடந்தது. கடல் தாண்டும்போது பணத்தை மாற்றித் தருகிறார்கள். நாணயத்தை மாற்றித் தர எந்த விமான நிலையத்திலும் ஆள் இல்லை.

அன்று இரவு அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் எம்.ரெட்டியபட்டியை விட்டு எங்கும் போய் வாழ்ந்ததில்லை. இரண்டு ஆடு, கொஞ்சம் மிளகாய், ஊடே உளுந்து என்று வானம் பார்த்த நிலத்தோடு காலம் தள்ளுபவள். குழுக் கடன் வாங்கி வாரா வாரம் கட்டிவருகிறாள். அவளுடைய போனில் பார்த்தபோது அவளுக்கு மதிப்பெண் இருந்தது, நல்ல மதிப்பெண். மழை பொய்த்த ஆண்டிலும் தவணை தவறாத அவளுடைய உழைப்பு எங்கோ ஓர் எண்ணாகப் பதிந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமையே இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. ஒருவர் நாணயமானவர் என்பதை யார் எழுதிவைக்கிறார்கள், எங்கே எழுதிவைக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை 2010-இல் ஸ்டுட்கார்ட் நகரத்தில் முதன்முதலாக எதிர்கொண்டேன். அங்கே வீட்டுக்காரர்கள் மூன்று காகிதங்கள் கேட்டார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டில் வாடகைப் பாக்கி இல்லை என்ற சான்று, 'ஷூஃபா' அறிக்கை. மூன்றும் கடந்த காலத்தைக் கேட்கும் காகிதங்கள். வந்து இருபது நாள் ஆனவனுக்கு அந்த மண்ணில் ஏது கடந்த காலம்?

ஷூஃபா 1927-இல் பெர்லினில் தொடங்கியது. நகரத்து மின்சார நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு வீட்டு மின்சாதனங்களைத் தவணைக்குக் கொடுத்தது. மின்கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுகிறவர் தவணையையும் ஒழுங்காகக் கட்டுவார் என்று கண்டுகொண்டார்கள். அந்த எளிய கணக்கு வளர்ந்து, ஒரு நாட்டின் வீட்டுக் கதவுகளையே திறந்து மூடுகிற திறவுகோலாகிவிட்டது. இந்தப் பழக்கத்துக்கு இன்னும் பழைய வேர் அமெரிக்காவில் உண்டு. லூயிஸ் டாப்பன் என்ற வணிகர் 1841-இல் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஊர் ஊராக வழக்கறிஞர்களையும் உள்ளூர் ஆட்களையும் பிடித்து, அந்தந்த ஊர் வியாபாரிகளைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்னார். ஆள் எப்படி, குடிப்பாரா, சொத்து உண்டா, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்று பெரிய பெரிய பேரேடுகளில் குறித்துக்கொண்டார்கள். அவருக்காக அப்படி எழுதி அனுப்பியவர்களில் இளம் வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கனும் ஒருவர்.

டீக்கடைத் திண்ணையில் நாம் ஒருவரைப் பற்றிப் பேசுவதைத்தான் டாப்பன் பேரேட்டில் ஏற்றினார். இன்று கணினி காட்டும் முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரையான எண் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஊர்வாய் சொன்னதை ஏடு வாங்கிக்கொண்டது, ஏட்டில் இருந்ததை எண் வாங்கிக்கொண்டது.

ஸ்டுட்கார்ட்டில் எனக்குக் கடைசியில் வீடு கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து தஞ்சம் கேட்ட இளைஞர்களில் ஒருவர். உணவகத்தில் பாத்திரம் கழுவி, பிறகு அதே உணவகத்தில் சமையல்காரராகி, ஒரு சிறிய வீடு வாங்கியிருந்தார். அதன் மேல் அறையை எனக்குத் தந்தார். சம்பளச் சீட்டு இன்னும் வரவில்லை என்று தயங்கிச் சொன்னேன். "அது வரட்டும் தம்பி. எனக்கும் இஞ்ச ஒராள் முதல் கையெழுத்து வச்சவர். அதைத்தான் நான் இப்ப உமக்கு வைக்கிறன்" என்றார். அந்த முகவரியில் பதிவு செய்த பிறகுதான் எனக்கு வங்கிக் கணக்கு வந்தது, பதிவேட்டில் என் பெயர் ஏறியது. பன்னிரண்டு ஆண்டில் நான் சேர்த்த நாணயம் அத்தனைக்கும் அவர் வைத்த அந்த ஒரு கையெழுத்துதான் பிள்ளையார் சுழி.

அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கமும் கண்டேன். வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம். வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருந்து, வட்டியோடு திருப்பித் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமும் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது. வேறு உடன்பாடு இருந்தால் கூடுதலாக வாங்கலாம் என்ற வாசலையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் சென்னைப் பழக்கம் அந்த வாசல் வழியாகவே நடமாடுகிறது.

நம் பக்கத்தில் இன்னொரு வழி உண்டு. ஒத்தி. ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது, போகும்போது கொடுத்த பணத்தை அப்படியே வாங்கிக்கொள்வது. அருப்புக்கோட்டையில் ஒருவர் என்னிடம், "வாடகைக்கு வேணாம் தம்பி, ஒத்திக்கு எடுத்துக்கங்க" என்றார். ஒத்திக்கு வருபவனிடம் யார், என்ன, சம்பளம் எவ்வளவு என்று யாரும் துருவுவதில்லை. பணமே அவனுக்காகப் பேசிவிடும். வெளிநாட்டிலிருந்து வருபவனுக்கு இதுவே சுலபமான வழியாகத் தோன்றும்.

ஒத்திக்கு அப்படியே நகல் போன்ற முறை தென்கொரியாவில் இருக்கிறது. 'ஜொன்ஸே' என்பது அதன் பெயர். அங்கே சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது நாம் அறிய வேண்டிய செய்தி. ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் வீடுகளை வாங்கி, எல்லாவற்றையும் ஜொன்ஸேக்கு விட்டு, வந்த பணத்தில் மேலும் வீடு வாங்கினார். வீட்டு விலை இறங்கியதும் திருப்பித் தரப் பணம் இல்லை. இப்படிப் பல பேர் கிளம்பியதில் ஆயுள் சேமிப்பை இழந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சிலர் உயிரையும் விட்டார்கள். 2023 மே மாதத்தில் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஏமாந்தவர்களுக்காகத் தனிச் சட்டமே இயற்றியது. வாடகைக்கு வருபவனுக்கு மட்டும் வரலாறு கேட்பது ஒரு தட்டு மட்டும் உள்ள தராசு. என் சேமிப்பை ஒத்தியாக வாங்கிக்கொள்ளப் போகிறவருடைய கடன் எவ்வளவு, அந்த வீடு எந்த வங்கியில் அடமானத்தில் கிடக்கிறது என்று கேட்க எனக்கும் உரிமை வேண்டும். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளும் நம் வழக்கத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நான் ஒத்திக்குப் போகவில்லை.

எட்டாவது வாரம் ஊரில் பெரியப்பாவிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் போனை எடுத்துத் திருப்பூருக்குப் பேசினார். "நம்ம தம்பி மகன் வந்திருக்கான்ப்பா, சீமைக்குப் போயிருந்தானே, அவன்தான். வீடு வேணுங்கான்." கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "ஆள் பொழங்குனா வீடு கரையான் பிடிக்காம இருக்கும். வாடகையெல்லாம் என்னத்துக்கு, சும்மா இருக்கச் சொல்லுங்க" என்று எதிர்முனையில் சொன்னது எனக்கே கேட்டது. ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார் பெரியப்பா. அட்வான்ஸ் இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஆதார் இல்லை. உறவு விட்டுப்போய்விடவில்லை என்ற நெகிழ்ச்சியில் அன்று கண் கலங்கிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டு ஊரில் இல்லாதவனுக்கு எப்படி இது கிடைத்தது? பதில் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. மஞ்சள் தடவிய மூலையோடு அடுக்கி வைத்த மொய் நோட்டுகள். எங்கள் பக்கத்தில் இதைச் செய்முறை என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு, கேதம் என்று நல்லது கெட்டது எதுவானாலும் வீட்டுக்கு வீடு செய்முறை உண்டு. ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை என்று வரிசையாக எழுதுவார்கள். வாங்கியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாத வீட்டை ஊர் மறக்காது. மதுரைப் பக்கம் இப்போது மொய் எழுதக் கணினி வந்துவிட்டது, ரசீது அச்சாகிறது. எங்கள் வீட்டில் இன்னும் நோட்டுதான். நான் ஜெர்மனியில் இருந்த காலம் முழுவதும் அம்மா ஒரு செய்முறையும் விடவில்லை. ஆனால் அத்தனையும் அப்பாவின் பெயரில். என் பெயர் ஒரு நோட்டிலும் இல்லை. திருப்பூர்க்காரர் சாவி கொடுத்தது அப்பாவின் கணக்குக்கு. வங்கி மதிப்பெண்ணை மகனுக்கு எழுதிவைக்க முடியாது. செய்முறை மட்டும் பரம்பரை பரம்பரையாக இறங்கும். அதன் பெருமையும் அதுதான், அதன் குறையும் அதுதான். குறை எனக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று.

வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் தினமும் அருப்புக்கோட்டையிலிருந்து பேருந்தில் வருவார். நான் ஆலைக்குப் போகும் நாட்களில் நிறுத்தத்தில் பார்த்துப் பழக்கம். ஒருநாள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்த வீட்டத்தான் சார் நானும் கேட்டேன். நீங்க வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி. வாடகையும் தர்றேன், அட்வான்ஸும் தர்றேன்னேன். வீட்டுக்காரங்க பெயிண்ட் அடிக்கப் போறாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

அந்தச் சுவர்களில் பெயின்ட் பட்டுப் பல ஆண்டு ஆகியிருந்தது. அன்று மாலை பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "அந்த டீச்சர் தங்கமான ஆளுதான்ப்பா. அவுக காலனி. நம்ம தெருவுல குடிவச்சா நாளைக்கு நாலு பேரு பேசுவாக. சாவி வாங்கி வச்சிருக்கிறவனுக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு?"

எனக்குக் கால் மணி நேரத்தில் கிடைத்த சாவி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அரசுச் சம்பளம் வாங்குபவர், ஒரு பாக்கியும் வைக்காதவர். நானோ வருமானத்துக்குக் காகிதம் காட்ட முடியாதவன். எந்தக் கணக்கில் பார்த்தாலும் எனக்கு முன்னால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீடு அது. ஊரில் எல்லோரும் கேட்கும் 'யாரு வீட்டுப் பிள்ளை' என்ற கேள்வியில் நான் கேட்ட பாசத்தின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்திருக்கிறது. அது எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்கும் குரல். எனக்கு அது காதில் விழாமல் போனதற்குக் காரணம், என்னிடம் அதற்குச் சரியான பதில் பிறப்பிலேயே இருந்ததுதான். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆணியில் தொங்கும் சாவிக்கும் அந்த அறிவிப்பு போய்ச் சேர வேண்டும்.

அந்த ஆசிரியை இப்போது அருப்புக்கோட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறார். வங்கி அவருக்கு வீட்டுக் கடன் கொடுத்தது. அவருடைய சிபில் மதிப்பெண் அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த எண் அவரிடம் தெருவைக் கேட்கவில்லை. என்னைத் திருப்பி அனுப்பிய அதே எண்தான். அன்றிலிருந்து அதை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. அமெரிக்காவில் பெண் என்பதாலோ மணமாகாதவள் என்பதாலோ கடன் மறுக்கக் கூடாது என்று 1974-இல் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் நிறம், இனம், மதம் ஆகியவையும் அதில் சேர்ந்தன. ஆளைப் பார்க்காமல் அவர் செயலை மட்டும் பார்க்கும் தராசு வேண்டும் என்ற ஏக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஊர்வாயால் பல தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்த நியாயத்தின் அருமை தெரியும்.

எண்ணுக்கும் ஒரு குருடு உண்டு. எழுதப்படாதவரை அது காண்பதில்லை. ஊர் தன்னைச் சேராதவரைக் காண்பதில்லை. எண் என்னைக் காணவில்லை, ஊர் அந்த ஆசிரியையைக் காணவில்லை. இரண்டுக்கும் பொதுவான நோய் ஒன்றுதான். 'தெரியாது' என்பதை 'கெட்டது' என்று வாசிப்பது.

இதற்கு மருந்து நம் வரலாற்றிலேயே இருக்கிறது. அதே தகரப் பெட்டியில், தாத்தா காலத்து நோட்டு ஒன்றில், 1973-இல் அத்தை கல்யாணத்துப் பக்கத்தில் ஒரு வரி: 'கண்டிக்காரர் வீடு, ரூ.2.' அம்மாவிடம் கேட்டேன். எங்கள் தெருக் கோடியில் இன்றும் இருக்கும் குடும்பம்தான் அது.

பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட ஊர்களிலிருந்து பஞ்சமும் கங்காணியும் சேர்ந்து ஓட்டிக்கொண்டு போன மக்கள் இலங்கை மலைகளில் தேயிலை வளர்த்தார்கள். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ அந்தத் தீவில் பிறந்தார்கள் என்பதற்குச் சான்று கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனிடம் ஏது சான்று? நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் பர்மாவிலிருந்தும் ஒரு லட்சத்துக்கு மேல் வந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை பார்த்திராத 'சொந்த ஊரு'க்குத் திரும்பினார்கள். ஊருக்கு அவர்களைத் தெரியாது. உள்ளூர் வங்கிக்கும் தெரியாது. இருந்த நாட்டிலும் காகிதம் இல்லை, வந்த நாட்டிலும் காகிதம் இல்லை.

அந்த நேரத்தில் நடந்த இரண்டு காரியங்களை நாம் மறந்துவிடக் கூடாது. ஒன்றை அரசு செய்தது. திரும்பி வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை கொடுத்தது. இன்னார் இத்தனை பேர், இங்கிருந்து வந்தவர்கள் என்று அரசே எழுதிக் கொடுத்த முதல் வரி அது. அதைக் காட்டி மறுவாழ்வு உதவி கேட்கலாம், கடன் கேட்கலாம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே 1969-இல் சென்னையில் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. கூட்டுறவு வங்கி. கடந்த கால ஏடு இல்லாதவர்களையே உறுப்பினர்களாகக் கொண்டு எழுந்த வங்கி. வரலாறு இல்லாதவர்க்குக் கடன் கொடுத்தால் நிறுவனம் கவிழ்ந்துவிடும் என்று சொல்பவர்கள், அரை நூற்றாண்டு கடந்து இன்றும் நடக்கும் ரெப்கோவைப் பார்க்கட்டும்.

இன்னொன்றை ஊரில் யாரோ ஒருவர் செய்தார். கண்டியிலிருந்து வந்த அந்தக் குடும்பத்துக்கு எங்கள் தாத்தா தன் மாட்டுத் தொழுவத்தைச் சாணம் மெழுகி ஒழித்துக் கொடுத்தாராம். வாடகை பேசவில்லை. அவர்களுடைய பாட்டனார் பெயர் குலதெய்வக் கோயில் வரி நோட்டில் இருந்தது என்பது மட்டுமே அவர்களுக்கிருந்த சாட்சி. அந்தக் குடும்பத்து அம்மா கடன் வாங்கித் தையல் இயந்திரம் வாங்கினார். மறு ஆண்டு அத்தை கல்யாணத்துக்கு இரண்டு ரூபாய் மொய் செய்தார். அதற்கு முந்தைய எந்த நோட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுக்கு நாங்கள் மொய் எதுவும் செய்திருக்கவில்லை, எனவே திருப்பிச் செய்ய அவர்களுக்குக் கடமையும் இல்லை. அப்படியும் செய்தார்கள். அந்த இரண்டு ரூபாயோடு அவர்கள் ஊர்க்காரர் ஆனார்கள்.

தாத்தா நல்லவர் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அவர்களும் அவருடைய சாதிசனம்தான். கோயில் நோட்டில் பெயரில்லாத குடும்பமாக இருந்திருந்தால் தொழுவம் கிடைத்திருக்குமா என்று கேட்டால் எனக்கு உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அரசு கொடுத்த அட்டைதான் சாதி பார்க்காமல் வந்தது. அட்டையும் வேண்டும், தொழுவமும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் ஒருவர் வாழ்ந்துவிட முடியாது.

இப்போது சில நல்ல அடையாளங்கள் தெரிகின்றன. முதல்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6-இல் அறிவுறுத்தியிருக்கிறது. எழுதாத பக்கத்தைக் கறை படிந்த பக்கமாக வாசிக்காதே என்பதே இதன் பொருள். ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 7-இல் ஷூஃபா வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவருக்குக் கடன் தருவதா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த எண்ணை வைத்தே முடிவாகிறது என்றால், எண்ணைக் கணிப்பதே மனிதத் தலையீடற்ற முடிவுதான், அதற்குச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு என்றது. எண்ணுக்குப் பின்னால் நியாயம் கேட்க ஒரு மனிதர் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2017 முதல் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். அங்கிருந்து கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் வாடகைப் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் வாங்கிவாருங்கள். இங்கே அதை யாரும் கேட்காமல் போகலாம். காட்டினால் படித்துப் பார்ப்பார்கள்.

வாடகைக்கும் இதுவே பொருந்த வேண்டும் என்கிறேன். மாதா மாதம் ஒழுங்காக வாடகை கட்டும் கோடிக்கணக்கானவர்களின் நாணயம் நம் நாட்டில் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். அடுத்த கதவைத் தட்ட அது உதவும். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீடு 2024 தையில் கட்டி முடிந்தது. புதுவீட்டு விசேஷத்துக்கு மொய் நோட்டில் முதன்முறையாக என் பெயரை எழுதினோம். அந்த ஆசிரியையும் வந்தார், அவர் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது. திருப்பூர் வீட்டுச் சாவியை நான் ஆணியில் மாட்டவில்லை. திருப்பூருக்கே போய் அவரிடம் நேரில் கொடுத்தேன். அத்தனை மாதம் இருந்ததற்கு வாடகை வாங்க மறுத்துவிட்டார். "அப்படின்னா எனக்கு ஒரு வாக்குக் கொடுங்கண்ணே. அடுத்து யாரு வந்து கேட்டாலும் என்ன ஆளுன்னு கேக்காமக் குடுங்க. வாடகை வரலைன்னா நான் பொறுப்பு" என்றேன். அவர் வெகுநேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

உங்கள் பொறுப்பிலும் ஒரு சாவி இருக்கலாம். சொந்த வீட்டினுடையதாகவோ, ஊரை விட்டுப் போனவர் கொடுத்து வைத்ததாகவோ இருக்கலாம். யாரேனும் வந்து கேட்டால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். எப்போது குடிவருகிறீர்கள் என்று கேளுங்கள். அவருக்கு நீங்கள் எழுதும் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.